படத்தில் இருப்பவர் டாக்டர் மெக்காய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நடிகர்களும் புதிய நடிகர்களும் சேர்ந்து நடித்த விண்வெளிப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து எடுத்த படங்களில் ஒன்றான, 1994இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: ஜெனரேஷன்ஸ்' பற்றி ஒரே ஒரு வரி: பழைய கேப்டன் கிர்க்குக்கு அழகான வழியனுப்பு விழா நடத்திய படமாம். பக்கத்தில் அந்தப் படத்திலிருந்து ஒரு புகைப்படம், அதன் கீழே 'டாக்டர் மெக்காய்' என்று பெயர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் புகைப்படத்தில் நரைத்த மீசையோடு நிற்பவர் ஸ்காட்டி. கப்பலின் எஞ்சினியர். நடித்தவர் ஜேம்ஸ் டூஹன். டாக்டர் மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி அந்தப் படத்தில் ஒரு காட்சியில்கூட இல்லை. கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயும் இல்லை. நிமாயை நடிக்கக் கேட்டார்கள், இயக்கவும் கேட்டார்கள். எனக்கென்று எழுதியிருக்கும் வசனத்தை யார் வேண்டுமானாலும் பேசலாமே, இதற்கு ஸ்பாக் எதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஸ்பாக்குக்கும் மெக்காய்க்கும் எழுதியதை ஸ்காட்டிக்கும் செகோவுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதுக் கப்பலில் அடிபட்டவர்களைக் கவனிக்க ஆளில்லாதபோது, செகோவ் இரண்டு பத்திரிகையாளர்களைக் காட்டி நீங்கள்தான் இனி நர்ஸ் என்று இழுத்துக்கொண்டு போவார். அவர் கப்பலை ஓட்டியவர், ஆயுதப் பொறுப்பு பார்த்தவர். அது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. அந்தக் காட்சியில் மெக்காய் இல்லாத குறை எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். அப்படி இல்லாமல் போன மனிதரின் பெயரை, வந்து நின்ற மனிதரின் முகத்துக்குக் கீழே போட்டுவிட்டீர்கள்.

டூஹன் யார் என்று தெரிந்தவர்கள் அவர் பெயரை மாற்றிப் போட மாட்டார்கள். கனடா ராணுவத்தில் இருந்தவர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியவர். அங்கே குண்டடிபட்டு வலது கையின் நடுவிரலை இழந்தவர். தொலைக்காட்சித் தொடரில் பல வருஷம் அந்தக் கையைக் கேமராவுக்குக் காட்டாமலே நடித்தார்.

எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய ஸ்டார் ட்ரெக் தொடர் வரும். மாம்பலத்தில் எங்கள் எதிர் போர்ஷன் மாமி வீட்டில் மரக்கதவு போட்ட கறுப்பு வெள்ளை டிவி. எண்ணெய் தேய்த்த தலையோடு தரையில் உட்கார்ந்து நானும் அண்ணனும் பார்ப்போம். பேசுகிற இங்கிலீஷ் பாதிதான் புரியும், மீதியை அண்ணன் சொல்லுவான். அவனுக்கும் புரிந்திருக்காது என்று இப்போது தெரிகிறது, ஆனால் அவன் சொன்ன கதை நன்றாகவே இருந்தது. ஸ்காட்டியின் சட்டை சிவப்பு என்பதே பத்து வருஷம் கழித்து வாடகை கேசட்டில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படிப் பார்த்த முகங்கள் இவை. மாறிப்போனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

சரி, அந்த வழியனுப்பு விழாவுக்கு வருகிறேன். கேப்டன் கிர்க்கை ஏன் கொண்டுவந்தார்கள்? பின்னால் வந்த புதுத் தொடரின் கேப்டன் பிக்கார்டுடன் சேர்ந்து ஒரு வில்லனைத் தடுப்பதற்கு. அதில் தப்பில்லை. பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டும் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் ஒரே சமையலறையில் நிற்கிற காட்சியை நானும் ஆசையோடுதான் பார்த்தேன். ஆனால் கிர்க் செத்த விதம்? முதலில் வில்லன் அவரை முதுகில் சுடுவதாக எடுத்தார்கள். முன்னோட்டம் பார்த்த ரசிகர்களுக்கே அது பிடிக்காமல் மறுபடி நெவாடாவுக்குப் போய் எடுத்து வந்தார்கள். மறுபடி எடுத்ததில் ஒரு இரும்புப் பாலம் முறிந்து அதோடு விழுந்து சாகிறார். பக்கத்தில் பிக்கார்ட் மட்டும்தான். அவரே கற்களை அடுக்கிப் புதைக்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட இருந்த ஸ்பாக் இல்லை, மெக்காய் இல்லை, உஹுரா இல்லை, சுலு இல்லை. சுலுவுக்குப் பதில் அவருடைய மகளை ஒரு காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தனியாகத்தான் சாவேன் என்று கிர்க்கே ஐந்தாவது படத்தில் சொன்னாரே என்று சிலர் வாதம் செய்வார்கள். அவர் அதை நண்பர்களோடு உட்கார்ந்து, கூட இவர்கள் இருக்கும்வரை எனக்குச் சாவு இல்லை என்ற அர்த்தத்தில் சொன்னது.

வழியனுப்பு விழா என்றால் அது 1991இல் வந்த ஆறாவது ஸ்டார் ட்ரெக் படம். கடைசியில் பழைய தொடரின் ஏழு நடிகர்களும் தங்கள் கையெழுத்தை ஒவ்வொன்றாகத் திரையில் போடுவார்கள், ஷாட்னருடையது கடைசியாக வரும். கேசட்டில் அந்த இடத்தை அண்ணன் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறான்.

பழையவர்களையும் புதியவர்களையும் சேர்க்கவே தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். தொலைக்காட்சியில் அழகாகச் செய்தார்கள். 1987இல் புதுத் தொடரின் முதல் கதையிலேயே 137 வயது மெக்காய் வந்து, புதுக் கப்பலின் இயந்திர மனிதன் டேட்டாவுடன் நடையில் பேசிக்கொண்டு போவார். 1992இல் ஸ்காட்டி வந்தார். 75 வருஷம் கழித்துக் கண்விழித்த மனிதர், தன்னுடைய பழைய கப்பலின் கட்டுப்பாட்டு அறையைப் பொய்யாகவாவது உருவாக்கிக் காட்டச் சொல்லி, அதில் தனியாக நின்று காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு கோப்பையை உயர்த்துவார். அவர் மனசை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். அந்தக் கதையில் ஸ்காட்டி, தன்னைத் தேடி வந்தது கிர்க்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார். இரண்டே வருஷத்தில் வந்த படத்திலோ, ஸ்காட்டி அந்த 75 வருஷத் தூக்கத்துக்குப் போவதற்கு முன்பே கிர்க் அவர் கண்ணெதிரே காணாமல் போய்விடுகிறார். செத்துவிட்டார் என்றே எல்லாரும் நம்புகிறார்கள். அதைக்கூட யோசிக்காமல் எடுத்த படம் இது.

வழியனுப்பு விழா என்ற வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 33 வருஷம் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கும் விழா நடந்தது. சால்வை, சந்தன மாலை, சுவர்க்கடிகாரம், காராசேவும் மைசூர்பாகும். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. மேடையில் பேசிய புது அதிகாரி என் பெயருக்குப் பதில் வேறொரு பெயரைச் சொன்னார். யாரும் திருத்தவில்லை, நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். அன்று வாய் திறக்கவில்லை. இன்று டூஹனுக்காகத் திறக்கிறேன்.

உங்கள் இதழில் எனக்கு இது முதல் வருத்தமும் இல்லை. 2015 பிப்ரவரியில் நிமாய் இறந்தபோது நீங்கள் போட்டது ஆறு வரி. அதிலும், அவர் நடிக்காத வேறு படமான 'ஸ்டார் வார்ஸ் புகழ்' என்று போட்டீர்கள். அப்போதே எழுதினேன், பிரசுரிக்கவில்லை. 2022 ஜூலையில் நிச்செல் நிக்கோல்ஸ் இறந்தார், அதற்கு ஒரு வரிகூட வரவில்லை. உஹுராவாக நடித்தவர் அவர். முதல் வருஷத்தோடு தொடரை விட்டு விலக இருந்தவரை, கறுப்பினக் குழந்தைகள் உங்களைப் பார்க்கிறார்கள், போகாதீர்கள் என்று மார்ட்டின் லூதர் கிங்கே கேட்டுக்கொண்டார். பின்னாளில் நாசாவுக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் ஆள் சேர்க்க உழைத்தவர். நடிகைகளின் புடவைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிற இதழில் இவருக்கு நாலு வரி கிடைக்காதா? இந்த மாதிரி வேற்று நாட்டுப் படங்களைப் பற்றித் தமிழில் படிக்க எங்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். பஸ்ஸில் படித்துக்கொண்டு போன காலத்திலிருந்து உங்கள் சந்தாதாரர் நான். எழுதுகிறவர்கள் ஒரு முறை படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

கட்டுரையை மறுபடி எழுதச் சொல்லவில்லை. அந்த வழியனுப்பு விழா வரி உங்கள் எழுத்தாளருடைய அபிப்பிராயம், இருக்கட்டும். அடுத்த இதழில் ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள்: படத்தில் இருப்பவர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன். புகைப்படத்தையும் சேர்த்துப் போட்டால் நல்லது. அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், கண் அவ்வளவாகத் தெரிவதில்லை, கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் அவனே படித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை