டாலரைப் பெருக்கி வைப்பது ரூபாய் விலை ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் கேம்களின் திருட்டுப் பிரதி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் டவுன்லோடு செய்கிற பையன்கள் மேல்தான் பழி விழுகிறது. அந்த கேமுக்கு இந்த விலையை யார், எப்படி வைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

2020 முதல் பெரிய நிறுவனங்களின் புது கேம்களுக்கு அமெரிக்காவில் 69.99 டாலர் விலை வைக்கத் தொடங்கினார்கள். அங்கே மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், பத்து மணி நேரம் உழைத்தால் கேம் கைக்கு வந்துவிடும். பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு இங்கே வைத்த விலை 4,999 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டால் பதினைந்து நாள் கூலி. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒழுக்கம் பேசுவது நியாயமில்லை.

பிசி கேம்களில் விலை வைக்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீம் 2015 நவம்பரில் இந்தியாவுக்கு ரூபாய் விலையைக் கொண்டுவந்தது. கேமை வெளியிடுபவர் டாலர் விலையை நிரப்பியதும் மற்ற நாடுகளுக்கான பரிந்துரை விலைகளை ஸ்டீமே காட்டும். ரூபாய் கட்டத்தில் தன் விருப்பப்படி வேறு எண்ணை எழுத வெளியிடுபவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. சிலர் அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பெருக்கினால் என்ன ஆகும்? டாலருக்கு 88 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொண்டால் 20 டாலர் கேம் 1,770 ரூபாய். இதில் 18 சதவீத ஜிஎஸ்டி 270 ரூபாய். மிச்சம் 1,500இல் ஸ்டீமின் 30 சதவீதம் போக, கேம் செய்தவருக்கு 1,050. அதே கேமை 590 ரூபாய்க்கு விற்றால் வரி 90, ஸ்டீமுக்கு 150, செய்தவருக்கு 350. ஒருவர் வாங்கிய இடத்தில் மூன்று பேர் வாங்கினால் கணக்கு நேராகிவிடும், நான்காவது ஆளிலிருந்து லாபம். கூடுதலாக ஒரு பிரதி விற்க அவருக்குத் தனிச் செலவும் கிடையாது. குறைவாக வைத்துவிட்டோமோ என்ற பயமும் வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பின் 30 நாள் தள்ளுபடி போட முடியாது, அவ்வளவுதான்.

விலை குறைந்தால் வெளிநாட்டுக்காரர்கள் விபிஎன் போட்டு (இருக்கும் நாட்டை மறைத்து) நம் விலையில் வாங்கிவிடுவார்களே என்பது நிறுவனங்களின் பெரிய கவலை. அர்ஜென்டினா, துருக்கி விலைகளில் அது நடந்தது உண்மை. 2023 நவம்பரில் அந்த இரு நாடுகளையும் ஸ்டீம் டாலர் விலைக்கு மாற்றியதில் கஷ்டப்பட்டது அந்த ஊர் மக்கள்தான். ஆனால் இப்போது ஸ்டீம் கணக்கின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், அதுவும் அந்த நாட்டு வங்கி அட்டையோ யுபிஐ போன்ற உள்ளூர் வழியோ இருந்தால் மட்டுமே. அந்தக் கவலையைச் சொல்லி இந்திய விலையை உயர்த்த இனி அவ்வளவு அவசியமில்லை.

விலையைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2010 மே மாதம் ஹம்பிள் பண்டில் என்ற பெயரில் சில சிறு கேம்களைச் சேர்த்து, ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும் என்று விற்றார்கள். அதையும் சுமார் கால்வாசிப் பேர் காசு தராமல் எடுத்ததாக விற்றவர்களே மதிப்பிட்டார்கள். இணையத்தில் செல்லும் அட்டை கையில் இல்லாத மாணவனுக்கு ஒரு சென்ட்டும் நூறு டாலரும் ஒன்றுதான். இங்கே யுபிஐ வந்தபின் அந்தத் தடை பெருமளவு நீங்கிவிட்டது. இலங்கையில் இன்னும் நீங்கவில்லை. அங்கே ஸ்டீம் விலை தெற்காசியாவுக்கான டாலர் விலையாகவே இருக்கிறது.

போலந்தில் 1999இல் நடந்ததை நம்மூர் வெளியீட்டாளர்கள் கவனிக்க வேண்டும். வார்சாவின் பழைய விளையாட்டரங்கச் சந்தையில் திருட்டு சிடிகள் மலிந்து கிடந்த காலம் அது. நம் பர்மா பஜாரை நினைத்துக்கொள்ளுங்கள். சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட்' கேமை அங்கே கொண்டுவந்தது. கேம் ஐந்து சிடி. திருட்டுக் கடைக்காரர் சிடி கணக்கில் காசு வாங்குவதால் கள்ளப் பிரதியும் அவ்வளவு மலிவாக இல்லை. இவர்கள் வசனம் முழுவதையும் போலிஷில் பெயர் பெற்ற நடிகர்களைக் கொண்டு பேச வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசை சிடி எல்லாம் வைத்தார்கள். முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்றன. நம்மிடமோ தமிழில் மெனுவும் வசன எழுத்தும் உள்ள பெரிய கேம்களை விரல் விட்டு எண்ணலாம்.

கள்ளப் பிரதி எடுக்க முடியாதபடி கேமுக்கு மென்பொருள் பூட்டு போடுவதே பயனற்றது என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. டெனுவோ என்ற அத்தகைய பூட்டை ஆராய்ந்து 2024இல் வந்த கட்டுரை, வெளியான உடனே பூட்டு உடைந்த கேம்களுக்குச் சராசரியாக 20 சதவீத வருவாய் போவதாகவும், 12 வாரம் தாங்கிவிட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை என்றும் கண்டது. அப்படியானால் மூன்று மாதம் கழித்துப் பூட்டை எடுத்துவிட்டு, கூடவே விலையையும் இறக்கலாமே. காசு கொடுத்து வாங்கியவர் ஏன் ஆண்டுக்கணக்கில் அந்தப் பூட்டைச் சுமக்க வேண்டும்?

பெற்றோருக்கும் ஒன்று. கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, கேமை நிறுவும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்று கேட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். 2021இல் அவாஸ்ட் நிறுவனம் கண்டுபிடித்த கிராக்கனோஷ் என்ற நச்சு மென்பொருள் இப்படித்தான் ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 போன்றவற்றின் திருட்டுப் பிரதிகளோடு 2,22,000 கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. கம்ப்யூட்டரை சேஃப் மோடில் (பாதுகாப்பு மென்பொருள்கள் இயங்காத நிலையில்) திறக்க வைத்து, விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அழித்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் உழைப்பில் சத்தமில்லாமல் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் திருடர்களுக்காகத் தோண்டியது. கேம் ஓடாதபோதும் ஃபேன் இரைந்து சுற்றுகிறது, டிஃபெண்டரைத் திறக்கவே முடியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். காசு கொடுத்து வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் காசு போய்விடுமே என்று பயந்து கிராக் தேடுபவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் கேம் செய்யும் சிறு குழுக்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வெளியீட்டு நாளுக்கு முன் அந்த ரூபாய் கட்டத்தைத் திறந்து, அதில் உள்ள எண்ணை அழித்துவிட்டு, உங்கள் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவன் ஒரு மாதத்தில் கொடுக்கக்கூடிய தொகையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்