பம்பை ஆர்டர் போடாதே, கொஞ்சம் பொறு

பொள்ளாச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாணிக்கம்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. காதுகுத்துப் படத்தை உன் தங்கச்சி பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது, சரி. பின்னால் நின்று நீ எதற்குக் கண்ணைத் துடைக்கிறாய்? வருகிறவர்களிடமெல்லாம் அவள் காட்டுவது உன் மூஞ்சியைத்தான்.

அப்புறம், உன் வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய் நின்றுவிடுகிறது, இருபது நிமிஷம் ஆறப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது, டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக் என்று எழுதியிருந்தாய். எனக்குப் போன வருஷம் மே மாதம் நடந்தது அப்படியே இதுதான்.

வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. 9-வது வளைவில் லோம்ஸ் வியூ, அங்கே நிறுத்தி அணையைப் பார்த்துவிட்டு ஏறினோம். இரண்டு வளைவு தாண்டியிருக்காது, ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டிக்குக் காதே கேட்கவில்லை. ஏசியை அணைத்தேன், செகண்ட் கியருக்கு வந்தேன், நாலு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. மச்சினன் இறங்கி டயருக்குக் கல் வைத்தான். நான் எல்லாரையும் போல பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரிந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் பார்த்தது. அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆனதும் திரும்பி இறங்கிவிட்டோம்.

ஒர்க்‌ஷாப்பில் பம்பை மாற்றினார்கள். ஏழாயிரத்துச் சொச்சம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் உடுமலை ரோட்டில் மறுபடி அதே கதை. அதற்குப் பிறகுதான் பரணிலிருந்து வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நீ முதலில் செய்ய வேண்டியது, வண்டி நிற்கிற அந்த இடத்தில்தான். ஆறி, ஓடத் தொடங்கிய பிறகு எதைப் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பம்ப் பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள், பெட்ரோலில் முங்கியபடி இருக்கிறது. சாவியை ஆன் போட்டால் இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும், அப்புறம் நின்றுவிடும். இஞ்சின் சுற்றினால்தான் கம்ப்யூட்டர் மறுபடி அதற்குக் கரண்ட் விடும். வண்டி நின்றதும் உன் வீட்டுக்காரியைச் சாவி போடச் சொல்லிவிட்டு நீ பின் சீட்டில் காதை வை. சத்தம் வந்தாலும் பம்ப் நல்லது என்று முடிவு கட்டாதே. சிலது சுற்றும், ஆனால் அழுத்தம் தராது. சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸைப் பார், பம்ப் ரிலேயை (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற குட்டி ஸ்விட்ச்) கழற்றி அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகு. அப்போதும் மௌனமென்றால் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. தட்டியதும் ஓடினால் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்தப் பம்புக்காக வாதாட வேண்டாம், மாற்றிவிடு.

இன்னொன்று. செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் வேகம் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைக் கவனி. பல வண்டிகளில் அது லேசாக எழும்ப வேண்டும். அசையாமல் படுத்திருந்தால், இஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படு. அதுவும் சூடேறினால் செத்து, ஆறினால் பிழைக்கிற ஜாதிதான். அது செய்த குற்றத்துக்கு எத்தனை நல்ல பம்புகள் குப்பைக்குப் போயிருக்குமோ.

உங்கள் அப்பாவின் பழைய காரில் மலை ஏறும்போது பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அது இஞ்சின் பக்கத்திலேயே இருந்த பம்ப். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், துணி போட்டால் சரியாகிவிடும். இப்போது துணி போடவும் வழியில்லை, கையும் எட்டாது.

சரி, மீட்டர் கதைக்கு வருகிறேன். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30 (கரண்ட் வருகிறது), 87 (பம்புக்குப் போகிறது) என்ற இரண்டு ஓட்டைகளையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணைத்தேன். இஞ்சின் ஓடாமலே பம்ப் தொடர்ந்து ஓடும். பின் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியில் இருக்கும் கப்ளரை, அதாவது ஒயர் மாட்டுகிற பிளாஸ்டிக் பிளக்கை, கழற்றி அளந்தால் 12.5 வோல்ட். பிரமாதம்! இதைப் பார்த்துத்தான் ஒர்க்‌ஷாப்பில், கரண்ட் வருகிறது, பம்ப்தான் போச்சு என்று முடிவு கட்டியிருப்பார்கள். கப்ளரை மறுபடி மாட்டி, பம்ப் ஓடும்போதே பின்பக்கமாக ஊக்கைச் செருகி அளந்தேன். 9.7. பேட்டரியில் 12.3 இருக்கிறது. நடுவில் 2.6 வோல்ட்டை யார் தின்றது?

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷ லேபில் என் ரெகார்டைப் பார்த்து நீ காப்பியடித்தாயே, சுமை இருக்கும்போது அளப்பதும் இல்லாதபோது அளப்பதும், அதே பாடம்தான்டா இது. நீ அன்றைக்கு ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு எனக்கு மூன்று பக்கம் மிச்சம்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பம்பின் எர்த் வரை அளந்தேன், 0.1 தான் விழுகிறது. ஆக பாசிட்டிவ் பக்கம் 2.5. அந்த ஒயரைத் தடவிக்கொண்டே போனால், சீட்டுக்கு அடியில் பாடி ஒயரும் டேங்க் ஒயரும் சேருகிற இன்னொரு கப்ளர். கை வைத்தேன், சுட்டது. பிரித்துப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் மட்டும் டீத்தூள் நிறத்துக்கு வந்து, நெளிந்து, உள்ளே இருந்த உலோக முள் கருநீலமாகக் கிடந்தது. கணக்குப் போட்டுப் பார்: பம்ப் 5 ஆம்ப் இழுக்கிறது, 2.5 வோல்ட் விழுகிறது என்றால் அந்த இடத்தில் அரை ஓம் தடை, 12.5 வாட் சூடு. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள்! சூடேற ஏற பிடி தளரும், தடை கூடும், பம்ப் சோர்ந்து போகும். வண்டி நின்றால் ஆறும். இருபது நிமிஷ மர்மம் அவ்வளவுதான். ஓம் மீட்டரில் இதைத் தேடாதே, அரை ஓம் என்பது உன் மீட்டர் ஒயரிலேயே காட்டும்.

புது கப்ளர் போட்டு, ஒயரை நன்றாக அழுத்திக் கிரிம்ப் செய்து மாட்டியதும் பம்பில் 12 வோல்ட். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் வால்பாறைக்கே போய்விட்டு வந்தோம்.

ஒர்க்‌ஷாப்காரர்களை மட்டும் திட்ட முடியாது. பழைய பம்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதன் அடியில் இருக்கும் ஜல்லடை சாக்கு, வண்டல் படிந்து காக்கி நிறத்தில் இருந்தது. ஐநூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போடாமல், எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டியவன் நான். பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அது இல்லாமல் சூடேறி, வண்டலில் தேய்ந்து தேய்ந்து அதிக ஆம்ப் இழுத்திருக்க வேண்டும். அந்த ஆம்ப்தான் கப்ளரை வறுத்திருக்கும். பம்பை மாற்றினார்கள், வறுத்ததை விட்டுவிட்டார்கள். இப்போது கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

வோல்ட் சரியாக இருந்தும் வண்டி நின்றால், பெட்ரோல் அழுத்தம் அளக்கிற பிரஷர் கேஜ் போடச் சொல். உன்னுடைய மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 3 பார், சிலவற்றுக்கு 4 வரை. உன் வண்டிக்கு எவ்வளவென்று மேனுவலில் பார். கேஜ் மாட்டுமுன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓடவிடு, இல்லையென்றால் பெட்ரோல் மூஞ்சியில் அடிக்கும். காலையில் மட்டும் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருந்தால், சாவியை மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்துவிட்டு அடித்துப் பார். உடனே பிடித்துக்கொண்டால் ராத்திரியில் அழுத்தம் கசிகிறது, பெரும்பாலும் பம்பில் உள்ள வால்வு. இதையெல்லாம் வாசலில் வைத்துச் செய், போர்ட்டிகோவுக்குள் வேண்டாம். பீடியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுச் செய்.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. நம்ம கதிரேசனுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, வாக்கர் வைத்து டீக்கடை வரை வருகிறான். உன்னைக் கேட்டான், நீ தர வேண்டிய இருநூறையும் கேட்டான்.

மெக்கானிக்கிடம் பம்ப் ஆர்டர் போடச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் நிறுத்தி வை. பம்ப் ஓடும்போது கப்ளரில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எனக்கு எழுது. பேட்டரியில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது, மறந்துவிடாதே.

உன்,
ராமசாமி