ஒற்றைப் புள்ளிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

என் ஊரவர்களுக்கு வணக்கம்.

இந்த மாதத்தோடு சர்வதேச டென்னிஸ் போட்டிகளில் ஆடுவதை நிறுத்திக்கொள்கிறேன். ஒன்பது வருடத்தில் நான் எடுத்த உலகத் தரவரிசைப் புள்ளி ஒன்றே ஒன்று. 15,000 டொலர் பரிசுப் போட்டியில் முதல் சுற்றை வென்றால் அதைத் தருவார்கள். 52 வாரம் போனதும் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். என்னுடையதும் கழிந்துவிட்டது. அந்த ஒரு புள்ளிக்காக எத்தனை பேர் மெனக்கெட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மேசன் வேலை செய்த மாமா. எங்கள் மட்டக்களப்பு, வெபர் அடிகளார் பெயரில் மைதானம் உள்ள ஊர். அமெரிக்க இயேசு சபைப் பாதிரிமார் கூடைப்பந்தை வளர்த்த ஊர். டென்னிஸுக்கு எனக்குக் கிடைத்தது கல்லடியில் மாமா வீட்டு மதில். பதினொரு வயதில், வலை உயரத்துக்கு அதில் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். எவ்வளவு உயரம் என்றார். நடுவில் 3 அடி, இரண்டு ஓரத்திலும் 3½ அடி என்றேன். வேறு யாரும் என்றால் நேராக ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். மாமா இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து, நூல் கட்டி, நடுவில் என்னை அரை அடி கீழே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நூலோடு ஒட்டியே சுண்ணாம்பு பூசினார். கை உளைந்தது. "ஆடாத மனே, கோடு பிழைச்சா உன்ர அடியும் பிழைக்கும்" என்றார். அந்த மதிலில் பந்து படும் சத்தத்தால் மத்தியான நித்திரையை இழந்த அயலவர் எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், கொழும்பு இரவு பஸ் கொண்டக்டர் அண்ணன். றக்கெட் நரம்பு அறுந்தால் கட்டித் தர அப்போது எனக்கு இங்கே ஆள் தெரியாது. பஸ்ஸில் ஏற்றிவிட்டால் கொழும்பில் கடைப் பையன் வந்து எடுப்பான், இரண்டு நாளில் திரும்பி வரும். சூட்டில் நரம்பு தளரும் என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து எஞ்சின் பக்கம் வைக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

அனுசரணை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கடைசி வாரத்தில் கைவிரித்தபோது, காத்தான்குடி புடவைக்கடை நானா விமான டிக்கெட் காசை ஒரு கடதாசிப் பையில் சுற்றித் தந்தார். "இது வெண்டுட்டு வரச் சொல்லித் தாற காசில்ல தம்பி, விளையாடச் சொல்லித் தாற காசு" என்றார்.

அந்தக் காசில் போனது துனீசியாவில் மொனாஸ்டிர். வாடகையைப் பாதியாக்க ஒரு சென்னைப் பையனோடு அறை எடுத்தேன். முதல் சுற்றை வென்றேன். இரண்டாம் சுற்றில் எதிரே நின்றது அவன்தான். 6-4, 5-2 என்று முன்னால் நின்றேன். கையில் ஒரு மட்ச் பொயின்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. அதிலிருந்து தோற்றேன். காலையில் ஒரே மேசையில் சாப்பிட்டவன் மேல் அந்த மூன்று மணி நேரமும் எனக்கு வந்த வெறுப்பை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அறைக்குப் போகப் பிடிக்காமல் கடற்கரையில் போய் இருந்தேன். நான் விட்டுவிட்டு வந்த பையையும் ஈரத் துவாயையும் தூக்கிக்கொண்டு தேடி வந்தான். ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் இருந்தான். தம்பி, அன்று நான் உனக்கு முகம் பார்த்துக் கை கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன்.

அன்றிரவு அப்பாவுக்கு போன் எடுத்தேன். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் பெடரர் 218 புள்ளி, ஜோகோவிச் 204. இரண்டு மட்ச் பொயின்டைத் தவறவிட்டு, தோற்றது பெடரர்தான் என்று சொல்லி அழுதேன். தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வென்ற அவரே, புள்ளிகளில் 54 சதவீதம்தான் தனக்குக் கிடைத்தது என்று 2024இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னதையும் சொன்னேன். அப்பா வாவியில் வீச்சுவலை போடுகிறவர். 2004 சுனாமியில் தோணியும் வலையும் போன பிறகு இரவல் வலையோடு திரும்ப இறங்கியவர். "வீசுற வலையில பாதிக்கு மீன் விழுந்திருந்தா நான் எப்பயோ மாடி வீடு கட்டியிருப்பன் மனே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இண்டைக்கு எனக்கும் ஒண்டும் படல்ல. வலையக் கழுவிக் காயப்போட்டுட்டன். நீ சாப்பிட்டியா?"

மறுநாள் விடிய எழும்பி என் துவாயைத் துவைத்துக் காயப்போட்டேன். அன்று பின்னேரம் சென்னைத் தம்பியின் ஆட்டத்தைப் பார்க்கவும் போனேன்.

அம்மாவுக்கு எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. அதை வீட்டில் நேரே சொல்லிக்கொள்கிறேன்.

மாமா வீட்டு மதில் கோடு மங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை திரும்பப் பூசுகிறோம். மாமாவுக்கு இப்போது குனிய ஏலாது, கதிரையில் இருந்து சொல்லுவார், நான் பூசுவேன். நடுவில் நூலை இழுத்துப் பிடிக்க ஒரு பிள்ளை வேண்டும். ஆறு றக்கெட்டும் ஒரு பை பந்தும் என்னிடம் இருக்கின்றன. விருப்பமுள்ள பிள்ளைகளைக் காலை 6 மணிக்கே அனுப்பிவிடுங்கள், வெயில் ஏற முன் தொடங்கலாம்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் பிள்ளை