இரைச்சல் என்று தீர்ப்பளிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய இளைஞர்கள் கேட்பது இசையே அல்ல, இரைச்சல் என்று அலுத்துக்கொள்வோர் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்வது காது மட்டும் இல்லை. பாதிக்கு மேல் பழக்கம்தான்.

பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. மேற்கத்திய இசை அவர்களுக்கு அதிகம் அறிமுகமில்லை. ஒத்திசையும் சுரக்கூட்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), முரண்படும் சுரக்கூட்டு இரண்டையும் கேட்கவைத்தபோது, இரண்டுமே ஒரே அளவு இனிமை என்றார்கள். கேள்வி புரியாமல் சொன்னதாகவும் கொள்ள முடியாது. சிரிப்பொலியையும் பதறி மூச்சிழுக்கும் ஒலியையும் கேட்டபோது சிரிப்பையே விரும்பினார்கள்.

பதின்பருவத்தில் கேட்ட பாட்டு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்வது இன்னொரு காரணம். அதற்குப் பின் வந்தவை எல்லாம் நமக்கு மட்டம்! பல நேரம் நாம் வெறுப்பது பாட்டை அல்ல, அதைக் கேட்கும் கூட்டத்தை என்பதும் என் சந்தேகம்.

செவித்திறன் சரியாக இருந்தும் எந்த இசையிலும் இன்பம் காணாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். ரசனை கெட்டவர்கள் என்று அவர்களைக் கேலி செய்வது அநியாயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நிறுத்த முடியாத இசை, எவ்வளவு நல்லதானாலும், எரிச்சல்தான். பேருந்திலும் ரயிலிலும் கைபேசியில் பாட்டு கேட்பவர்கள் தயவுசெய்து காதொலிப்பான் மாட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்