புறாமாடம்: இரண்டு திருத்தங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய மேனர் (பிரபுவின் நிலப்பண்ணை) மாளிகை ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அங்கே மறைந்துபோன கல் புறாமாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டது: 'பனிக்காலத்தில் பிரபுவுக்குப் புதுக்கறி தந்த கட்டடம், இன்று சுவடே இல்லை.' இரண்டையும் திருத்த வேண்டும்.

முதலில் கறி. அங்கே வளர்ந்தது நம் மாடப்புறாவின் இனம்தான். ஈட்டுக்கு இரண்டு முட்டை, ஏறக்குறைய 18 நாள் அடை. நான்கு வாரம் ஆன, இன்னும் பறக்கத் தொடங்காத குஞ்சைத்தான் எடுப்பார்கள். பறந்து பழகிவிட்டால் நெஞ்சுக்கறி இறுகிவிடும். கடுங்குளிரில் ஈடு வைப்பது பெரிதும் குறைந்துவிடும். குஞ்சு மிகுதியாகக் கிடைத்தது வசந்தத்திலும், கோடை முடிந்து இலையுதிரும் நாட்களிலும்தான். பனிக்காலத்திலோ புறாவுக்கு இரை போட வேண்டியவர் பிரபு!

எவ்வளவு நுட்பமான கட்டடம் அது! ஹெரஃபோர்ட்ஷயரின் கார்வேயில் 1326இல் கட்டிய வட்டப் புறாமாடம் இன்றும் நிற்கிறது. உட்சுவரில் 666 மாடக்குழிகள். இத்தகைய மாடங்களில் பல குழிகளின் வாய் குறுகலாக இருக்கும், உள்ளே ஒரு பக்கம் திரும்பும். தாய்ப்புறா இருட்டில் ஒதுங்கி அடைகாக்கலாம். வாரிக்ஷயரின் கின்வார்ட்டனில் நடுவே சுழலும் மரத்தூணைக் காணலாம். தூணிலிருந்து நீளும் கைகளில் ஏணி பொருத்தியிருக்கும். ஏணியில் நின்றபடியே ஒருவர் சுற்றிவந்து குஞ்சு எடுக்கலாம்.

18ஆம் நூற்றாண்டில் பழுப்பு எலி பரவியதும் பல இடங்களில் கீழ்வரிசைக் குழிகளை அடைத்துவிட்டார்கள். தானிய விலை ஏறியபோது புறா வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். கவனிப்பு நின்றால் கூரை முதலில் போகும். மழைநீர் சுவருக்குள் இறங்கும். பிறகு ஊரார் கல்லை எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனாலும் சுவடு போகாது. 1840களின் டைத் வரிப் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தேவாலய வரி) படங்களோடு வயல் பெயர்ப் பட்டியல் உண்டு. 'டவ்ஹவுஸ் குளோஸ்', 'பிஜன்ஹவுஸ் குளோஸ்' (இரண்டுக்கும் புறாவீட்டு அடைப்பு வயல் என்று பொருள்) என்ற பெயர் இருந்தால் அருகில் தேடலாம். 'கல்வர்' என்பதும் புறாவுக்கான பழைய சொல்தான், ஆனால் காட்டுப்புறா வந்த தோப்புக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. மேனர் கணக்குகளில் புறாமாடத்துக்கான லத்தீன் சொல்லான 'கொலும்பேரியம்' வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மண்ணின் மின்தடையை அளந்தால் கல் அடித்தளம் வளையமாகத் தெரியும். உள்விட்டம் 15 முதல் 20 அடி என்றால் நம்பிக்கை வைக்கலாம். காற்றாலை மேட்டையும் குதிரை சுற்றிய ஆலைத் தளத்தையும் பார்த்து ஏமாறுவது சகஜம். எனவே வளையத்துக்குள் மண் எடுத்து பாஸ்பேட் அளவைச் சோதிக்க வேண்டும்; புறாமாடம் என்றால் எச்சம் பல தலைமுறை விழுந்த மண் அது, பாஸ்பேட் மிகுந்திருக்கும். எச்சம் ஊறிய மண்ணிலிருந்து வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுக்க அரசின் ஆட்கள் அந்தத் தளங்களைத் தோண்டியதும் உண்டு. தளத்தில் கல் பாவக் கூடாது என்று முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் ஆணையே போட்டார்கள்.

மாளிகையைச் சுற்றியுள்ள வயல்களின் பெயர்கள் கட்டுரையில் இல்லை. அடுத்த இதழில் கட்டுரையாளர் அவற்றைத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்