62ஆம் சேனலுக்கு வந்த விருந்தாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்து நன்றாகவே இருந்தது. ஆனால் ஓர் ஊர் நிலையத்துக்குப் பெரிய நெட்வொர்க்கின் உறவு கிடைத்துவிட்டால் அதற்கும் ஊருக்கும் நல்ல காலம் பிறந்துவிடும் என்கிற எண்ணம் கட்டுரை முழுக்க ஓடுகிறது. டெட்ராயிட் பக்கம் வெகுகாலமாக இருக்கிறவன் என்பதால் என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. எங்கள் ஊரில் நடந்தது வேறு.

முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் ஒரு சேனல் என்றால் கன்னியாகுமரியிலும் சென்னையிலும் ஒரே சேனல்தான். இங்கே அப்படி இல்லை. சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, ஃபாக்ஸ் எல்லாம் நிகழ்ச்சிகளை அனுப்புகிற நெட்வொர்க்குகள். ஊரில் கோபுரம் நிறுத்தி, எஃப்சிசி ஆணையத்திடம் உரிமம் வாங்கி ஒளிபரப்புவது நிலையம். சில பெரிய நகரங்களில் நெட்வொர்க்கே நிலையத்தை வைத்திருக்கும். மற்ற இடங்களில் முதலாளி வேறு, இடையில் சில வருட ஒப்பந்தம் மட்டும். ஒரு காலத்தில் தன் நிகழ்ச்சியைக் காட்டுவதற்காக நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. இப்போது தலைகீழ், நிலையம்தான் நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறது.

டெட்ராயிட்டில் 2ஆம் சேனல் 1948 அக்டோபரில் தொடங்கியது. அப்போதிருந்து அது சிபிஎஸ் வீடு. 4 என்பிசி, 7 ஏபிசி. இவை மூன்றும் பழைய விஎச்எஃப் (குறைந்த அலைவரிசை) எண்கள். அந்தக் காலத்தில் எந்த ஆன்டெனாவிலும் தெளிவாக வந்தன. 20, 50, 62 ஆகியவை யுஎச்எஃப் (உயர் அலைவரிசை). இந்தச் சேனல்களைப் பிடிக்கும் வசதி எல்லா டிவிகளிலும் இருக்க வேண்டும் என்பதற்கே 1962இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வசதி வந்த பிறகும் படம் என்னவோ சுமார்தான்.

கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாமல் விட்டது இந்த 62ஐப் பற்றி. 1975 செப்டம்பர் 29 அன்று டபிள்யூஜிபிஆர் என்ற பெயரில் அது ஒளிபரப்பைத் தொடங்கியது. முழுக்கக் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான அமெரிக்காவின் முதல் தொலைக்காட்சி நிலையம் என்று வரலாற்றில் இடம்பெற்றது அதுதான். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு வாழ்த்துச் செய்தி பதிவு செய்து அனுப்பினார். நிறுவியவர் வில்லியம் வி. பேங்க்ஸ், வழக்கறிஞர், மதபோதகரும்கூட. அவர் தொடங்கிய மேசன் சங்கம் (ஒரு சகோதரத்துவ அமைப்பு) 1964இல் ஒரு எஃப்எம் வானொலியை வாங்கி, அதை நடத்திய அனுபவத்தில் தொலைக்காட்சிக்கு வந்தது. பெரிய பண முதலைகள் யாரும் பின்னால் இல்லை.

ஈஸ்ட் ஜெஃபர்சன் சாலையில் இருந்த அந்தச் சிறிய கட்டடத்துக்குள் என்னென்ன நடந்தது தெரியுமா? 'பிக் சிட்டி நியூஸ்' என்று சொந்தச் செய்தி. 'தி சீன்' என்ற நடன நிகழ்ச்சி, 1987 வரை. ஊர்ப் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். பக்கத்து ஊரான டியர்பார்னைச் சுற்றி வாழும் அரபு மக்களுக்காக ஒரு அரபு நிகழ்ச்சி. கேமரா பிடிக்கவும் செய்தி வாசிக்கவும் வேறெங்கும் வாய்ப்புக் கிடைக்காத கறுப்பின இளைஞர்கள் இங்கே தொழில் கற்றுக்கொண்டு பெரிய நிலையங்களுக்குப் போனார்கள். சரி, மிகைப்படுத்த வேண்டாம். விளம்பரதாரர்கள் தயங்கினார்கள், கையில் காசில்லை. நாள்போக்கில் பழைய தொடர்களும் காசு வாங்கிப் போடும் பிரசங்கங்களும்தான் நேரத்தை நிரப்பின. 1985இல் பேங்க்ஸ் காலமான பிறகு நிலைமை இன்னும் இறுகியது. ஆனாலும் அது ஊர்க்காரர்கள் கையில் இருந்த நிலையம்.

நெட்வொர்க் இங்கே வந்தது அமெரிக்கக் கால்பந்தால். 1956இலிருந்து சிபிஎஸ் காட்டிவந்த, அந்த விளையாட்டின் என்எஃப்எல் லீகில் ஒரு பிரிவான என்எஃப்சி ஆட்டங்களின் உரிமையை 1993 டிசம்பரில் ஃபாக்ஸ் தட்டிப் பறித்தது. நான்கு வருடத்துக்கு 158 கோடி டாலர். எங்கள் லயன்ஸ் அணி அந்தப் பிரிவில்தான் ஆடுகிறது. கையில் ஆட்டம் வந்த பிறகு ஃபாக்ஸுக்கு நல்ல ஆன்டெனா எண்கள் தேவைப்பட்டன. 1994 மே மாதம் நியூ வேர்ல்ட் நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்து, அதன் 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை சிபிஎஸ் நிலையங்கள். எங்கள் 2ஆம் சேனலும் அதில் ஒன்று. நாற்பத்தாறு வருட உறவு ஒரே அறிவிப்பில் முடிந்தது.

அப்போது நாட்டின் முதல் பத்துத் தொலைக்காட்சிச் சந்தைகளில் ஒன்றாக இருந்த டெட்ராயிட்டில் சிபிஎஸ் தெருவில் நின்றது. 4 நகரவில்லை. 7இன் உரிமையாளரான ஸ்கிரிப்ஸ், வேறு ஊர்களில் தன் நிலையங்கள் சிலவற்றையும் ஏபிசிக்கு மாற்றிக்கொண்டு ஏபிசியோடு உறவை இறுக்கிக்கொண்டது. 1986இலிருந்து ஃபாக்ஸ் காட்டிவந்த 50, புதிதாக வரவிருந்த யுபிஎன் என்ற நெட்வொர்க்கின் பக்கம் போய்விட்டது. கடைசியில் சிபிஎஸ் தட்டியது 62இன் கதவை. 1994 செப்டம்பரில் 2.4 கோடி டாலருக்கு விலை பேசி முடித்தார்கள். ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நிகழ்ச்சி தரலாம் என்றில்லை, நிலையத்தையே வாங்கிவிட்டார்கள். கறுப்பின மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது, விற்பனையை எதிர்த்து ஆணையத்திடம் மனுவும் போனது. விற்பனை நிற்கவில்லை. டிசம்பர் 11 முதல் 62இல் சிபிஎஸ்.

பெயரையும் மாற்றினார்கள், டபிள்யூடபிள்யூஜே என்று. இதில் ஒரு வேடிக்கை. அது 1978 வரை 4ஆம் சேனலின் பெயர். அந்த வருடம் 4இன் உரிமையாளர் அதை வாஷிங்டனில் இருந்த ஒரு நிலையத்தோடு பண்டமாற்று செய்துகொள்ள, 4க்கு டபிள்யூடிஐவி என்று பெயர் வந்தது. பழைய பெயர் வானொலியில் மட்டும் தொடர்ந்தது. அந்த வானொலி சிபிஎஸ் கையில் இருந்ததால், பெயர் 62க்கு வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் வயதானவர்களிடம் டபிள்யூடபிள்யூஜே டிவி என்று சொன்னால் இன்றும் 4ஐ நினைப்பவர்கள் உண்டு.

கட்டுரையாளரோடு நான் முரண்படுவது இதற்குப் பிறகு நடந்ததில். சிபிஎஸ்ஸை இழந்த 2ஆம் சேனல் நொடித்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. ஃபாக்ஸ் இரவில் இரண்டு மணி நேரம்தான் நிகழ்ச்சி தரும். காலையிலும் மாலையிலும் எதுவும் தராது. அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் 2 உள்ளூர்ச் செய்தியைக் கூட்டியது. காலைச் செய்தி, இரவு 10 மணிச் செய்தி என்று அதன் நேரம் வளர்ந்துகொண்டே போனது.

சிபிஎஸ்ஸைப் பெற்ற 62இல் என்ன ஆனது? நாட்டின் மிகப் பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்று நேரடியாக வைத்திருந்த நிலையத்தில் பல வருடம் உள்ளூர்ச் செய்தியே கிடையாது. 2001இல் இரவு 11 மணிச் செய்தி ஒன்று தொடங்கினார்கள். 2002 முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு காலை நிகழ்ச்சி வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2013இல் டெட்ராயிட் நகராட்சி திவாலானபோது, ஊரே உட்கார்ந்து செய்தி பார்த்த அந்த நாட்களில்கூட 62இல் நியூயார்க்கிலிருந்து வந்த செய்திதான். முழு அளவிலான செய்திப் பிரிவு வந்தது 2023 ஜனவரியில். ஏறக்குறைய 28 வருடம்! காசே இல்லாத மேசன் சங்கம் முதல் வருடத்திலேயே செய்தி வாசித்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் போனதால் கெட்டது என்றோ வந்ததால் கெட்டது என்றோ நான் சொல்ல வரவில்லை. மயாமியிலும் 1989இல் என்பிசியை இழந்த 7ஆம் சேனல், ஃபாக்ஸுக்கு மாறிச் செய்தியாலேயே நிமிர்ந்தது. ஆனால் எந்த நெட்வொர்க் வந்தது, எது போனது என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். நிலையத்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஊருக்கென்று ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்றும் கட்டுரையாளர் கேட்டிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும்.

தொடரின் அடுத்த பகுதியில் டெட்ராயிட்டுக்கு இடமிருந்தால், ஈஸ்ட் ஜெஃபர்சன் சாலையில் பழைய 62இன் கட்டடத்துக்குள் 2017 முதல் பேங்க்ஸ் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருப்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கேமராக்களையும் படங்களையும் அங்கே பார்க்கலாம். இந்தப் பக்கம் வரும் தமிழர்கள் ஃபோர்டு மியூசியத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்