தறிக்கூடத்து விமானத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கன்னங்குறிச்சி, ஏற்காட்டு உறவுகளுக்கு வணக்கம்.

போன பங்குனியில், அப்பாவின் தறிக்கூடத்தில் நாங்களே செய்த சின்ன விமானம் 14 நிமிடம் பறந்தது. ஓட்டியது நான் இல்லை, மைக்ரோலைட் என்னும் இந்த இலகு விமானங்களில் பழுத்த பயிற்சியாளர் ஒருவர். பறந்த இடமும் சேலம் இல்லை. காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறதுதான். அதற்காக வீட்டில் செய்ததைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே பறக்கவிட முடியாது. இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, வெளிமாநிலத்துத் தனியார் ஓடுதளம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஊர் திரும்பியதும் எழுதியிருக்க வேண்டிய மடல் இது. இத்தனை மாதம் இழுத்ததற்கு முதலில் மன்னிப்பு.

யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று பட்டியல் போட்டபோது ஒன்று கவனித்தேன். எனக்கு அதிகம் உதவியவர்கள், நான் கேட்டதைச் செய்ய மாட்டேன் என்று சொன்னவர்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

2015-இல் யாரோ பாதியில் விட்ட இரண்டு இருக்கை விமான கிட் ஒன்றை, அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களை, வாங்கி வந்தேன். அலுமினியக் குழாய்கள், இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி நிற்கும் ரிப்புகள் கொஞ்சம், கரையான் தின்றது போக மிஞ்சிய வரைபடக் கட்டு. அப்பாவின் குழித்தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டு அந்தக் கூடத்தில் வேலையை ஆரம்பித்தேன். தறிக்குழியை மூடவில்லை. வால் சக்கரத்தின் இணைப்பைப் பார்க்க அதில் இறங்கி நின்றால் சரியாகத் தலைமட்டத்துக்கு வரும். கார் மெக்கானிக்குகள் காசு செலவழித்துத் தோண்டுவதை எங்கள் தாத்தா முன்கூட்டியே தோண்டி வைத்திருந்தார்.

செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறை அண்ணன் அலுமினிய புஷ்களைக் கடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் போல்ட் கேட்டபோது கையை விரித்துவிட்டார். "இந்தக் கம்பி என்ன கிரேடுன்னு எனக்கே தெரியாதுப்பா. கதவுக்குன்னா போட்டுத் தரேன்." விமான போல்ட்டின் தலையில் குறுக்குக் குறி இருக்கும், அதற்கென்று ஒரு பலம் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அதற்கு அப்புறம்தான். ரைட் சகோதரர்களின் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் எஞ்சினையே செய்து கொடுத்தாராம் என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன். "அவருக்கு அந்த ஒரு ஆர்டர்தானே இருந்துச்சு" என்றார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்ளும் நண்பர், நிழலுக்கு நின்று சாய்ந்த சில்வர் ஓக் மரத்தைப் பலகை போட்டு அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "மேசைக்கு மட்டும். இறக்கையில் வைத்தால் நம் நட்பு முடிந்தது." 16 அடி மேசை அந்தப் பலகையில்தான் ஆனது. இறக்கைகள் கோணாமல் வந்ததற்கு அந்த மேசையே காரணம்.

துணி போர்த்தும் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட விமானத்துக்குப் பாலியஸ்டர் துணி. சட்டத்தின் மேல் பசையால் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் மேளத்தோல் மாதிரி விறைக்கும். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவோ குறுக்கே ஓடும் ஊடையோ, ஒன்று காற்று ஓடும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். முதல் இறக்கையை நானே போர்த்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐம்பது வருடம் நெய்தவர். வாசலில் நின்றபடியே, "பாவு கோணிக்கிட்டுப் போவுதுடா" என்றார். எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்தது. பிரித்துவிட்டு, அம்மா ஒரு முனையைப் பிடிக்க மறுபடியும் போர்த்தினோம்.

சூடு காட்டுவதில் பட்டது தனிக்கதை. முதலில் சுமார் 120 டிகிரி, கடைசியில் 175. அதற்கு மேல் போனால் துணி கெடும். நான் அகச்சிவப்பு வெப்பமானியைப் பெட்டியின் அடித்தட்டுக்கு நேராகப் பிடித்து, அது காட்டிய எண்ணை நம்பினேன். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாலில் இருக்கும் திசைதிருப்பியின் பின்விளிம்பு வில்லாக வளைந்துவிட்டது. எங்கள் தெரு இஸ்திரிக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். பெட்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். "இது பட்டுக்கும் ஆவாது பாலியஸ்டருக்கும் ஆவாது சார், கொதிக்குது." அடுத்த நாள் பாலிடெக்னிக் ஆய்வகத்திலிருந்து தொட்டுப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இரவல் வந்தது. கொடுத்த ஆசிரியருக்கும் நன்றி. பெட்டியை நிறுத்தாமல் நகர்த்தும் கைப்பழக்கத்தை அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு ரிப்போடு துணியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். மெத்தைக் கடைப் பெரியவர் ஒரு முழ நீள ஊசி தந்தார். நான் மேலே இருந்து ஊசியைக் குத்த, கீழே என் மனைவி வாங்கித் திருப்பி அனுப்புவார். புரொப்பெல்லர் காற்று அடிக்கும் பக்கம் தையல் இன்னும் நெருக்கம். முடிச்சை நான் படம் பார்த்து இரண்டு நாள் பழகினேன். மல்லிகை கட்டிய கை அவருடையது, இரண்டாம் முறையே போட்டுவிட்டார். இடது இறக்கையின் முடிச்சுகளைப் பார்த்தாலே எது யாருடையது என்று தெரியும். நான் போட்டவைதான் தடித்திருக்கும்.

இனி கன்னங்குறிச்சி சார். விமானப்படையில் ஏர்ஃப்ரேம், அதாவது விமான உடற்கட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் சட்டைப்பையில் இருக்கும். முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்து, வாங்கும் ஆணி, நட்டு, பின் எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொன்னார். மளிகைக் கடைக் கணக்கா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வலது இறக்கைக்குத் துணி போர்த்தி, தைத்து, முதல் பூச்சும் அடித்தாயிற்று. அன்று மாலை சார் வந்தார். இறக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நட்டு கழலாமல் இருக்க அதன் பள்ளத்தில் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னைப் பற்றித்தான் கேட்டார். "ஸ்பிளிட் பின் எத்தனை வாங்கினே? எத்தனை போட்டே? மிச்சம் எத்தனை?" நோட்டைப் பார்த்தோம், டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம். இருக்க வேண்டியதைவிட இரண்டு கூடுதல்.

"அப்போ ரெண்டு நட்டு பின் இல்லாம நிக்குது தம்பி."

எங்கே என்று எப்படிச் சொல்வது? பார்க்கத் திறப்பு வைத்திருந்த இடங்களில் எல்லாம் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு பிளேடு கேட்டார். நெய்த துணியில் கத்தி படுவதை அம்மாவால் பார்க்க முடியாது. எழுந்து உள்ளே போய்விட்டார். சார் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளம் கீறினார். உள்ளே, குறுக்குத் தாங்கி வந்து சேரும் இடத்தில், நட்டின் பள்ளம் காலியாக இருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில் அந்த நட்டு எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். சார் பதில் சொல்லவில்லை, பின்னை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது பின்னைத் தேடி இன்னும் நான்கு இடம் கீறினோம். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் பார்த்தால் 50 என்று அச்சிட்ட பாக்கெட்டில் 51 இருந்திருக்கிறது. அதே மாதிரி பிரிக்காத இன்னொரு பாக்கெட்டை எண்ணியபோதுதான் புரிந்தது. வாங்கியதும் எண்ணாமல் அட்டையைப் பார்த்து எழுதியவன் நான்தான். ஐந்து கீறலுக்கும் ஒட்டுப் போட்டபோது அம்மா திரும்பி வந்து ஒவ்வொரு ஒட்டிலும் பாவு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

எஞ்சின் ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் 582. இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 65 குதிரைத்திறன். அதற்குக் கிடைத்த மருத்துவர் சூரமங்கலத்து ஆர்எக்ஸ் 100 மெக்கானிக் தம்பி. இதுவும் அவர் பைக் மாதிரி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்று சொன்னதும், "அட, நம்மாளு" என்றார். சூடு ஏறாமல் முறுக்கக் கூடாது, சிலிண்டர் விரியும் முன்பே பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும் என்பதை நான் கையேட்டில் படித்தேன். அவர் அப்படிப் பிடித்துப்போன பத்துப் பன்னிரண்டு பிஸ்டன்களை எடுத்து வந்து காட்டினார். உயரம் கூடினால் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும் என்பதற்கு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் வண்டியை நிறுத்தி, கருத்துப்போன பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

ஜவ்வரிசி மில்காரர் மூன்று எடை மேடைகளைக் கொடுத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்றையும் வைத்து எடை பார்த்தபோது காலி எடை 236 கிலோ. பெயின்ட் அதிகமாக அடித்த பாவத்தால் வால் கனத்திருந்தது. சுரண்டினோம். சங்ககிரி லாரி டிரைவர் அண்ணன் இரவு முழுக்க நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினார். இறக்கைகளைச் சுற்றியிருந்தவை அம்மாவின் பழைய சேலைகள்.

காலாவதியான பசையை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுக்காத வியாபாரிக்கு நன்றி கிடையாது.

பறந்துவிட்டதே, இன்னும் என்ன வேலை என்று சிலர் கேட்கிறீர்கள். இந்த எஞ்சினை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் 5 வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்தாக வேண்டும். பெட்ரோல் குழாய்கள் அதுவரைகூடத் தாங்காது. இப்போது பங்கில் கிடைப்பதில் எத்தனால் இருக்கிறது. அளவுக் குவளையில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். தெளிந்த பிறகு, அடியில் தங்கிய தண்ணீரின் மட்டம் 27-ஐத் தாண்டி நின்றது; எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் கழற்றிய குழாய் ஒன்று விரலால் அழுத்தினால் இட்லி மாதிரி அமுங்கியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை குழாய் மாற்றும் வேலை இருக்கிறது. பார்க்க வருபவர்கள் தாராளமாக வாருங்கள், அம்மா தட்டுவடை செட்டுக்குச் சொல்லியிருக்கிறார். புரொப்பெல்லரைத் தொட வேண்டாம். சட்டைப்பையில் பேனா, சில்லறை இருந்தால் வாசலிலேயே வைத்துவிடுங்கள். சார் நின்று எண்ணி வாங்கிக்கொண்டு, போகும்போது எண்ணித் திருப்பித் தருவார்.

அன்புடன்,
தறிக்கூடத்துக்காரன்
அம்மாப்பேட்டை, சேலம்